நாய் உண்டு

முகத்துவாரத்திலிருந்து மட்டக்குளி வரை
எழுநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என் பொறுப்பு.
குனிவதுதான் தொழில்.
மூடியைத் தூக்கி, பல்லியை விரட்டி,
சேற்றைப் பெருவிரலால் துடைத்து
உள்ளே என்ன இலக்கமோ
அதைக் கருவியில் அழுத்துவது.
யார் குடித்தார்கள், யார் குளித்தார்கள்
நான் கேட்பதில்லை.

மாசி தொடங்கி மழையில்லை.
களனி மெலிய மெலியக்
கடல் ஆற்றுக்குள் ஏறி வந்தது,
கேட்டைத் தட்டாமல் உள்ளே வரும்
கடன்காரன் மாதிரி.
மேலே மண்மூட்டை அடுக்கினார்கள்.
அதற்கு முன்னமே
நஸ்வர் நானாவின் பிளேன்டீ கரித்துவிட்டது.
"சீனிக்குப் பதிலா உப்பா நானா?" என்று சிரித்தவர்கள்
மூன்றாம் நாள் சிரிக்கவும் வரவில்லை.
போத்தல் தண்ணீர் வாங்கிக் கொதிக்க வைத்தார்.
கோப்பைக்குப் பத்து ரூபா ஏறிற்று.
துறைமுகத்து லொறிக்காரர்கள் அந்தப் பத்து ரூபாவை
விரலிடுக்கில் வைத்து யோசித்தார்கள்.
பிறகு பேப்பர் கப் வந்தது.
கோப்பை கழுவுகிற பொடியனுக்கு
வெள்ளிக்கிழமையோடு வேலை இல்லை.
அவன் பெயர் இர்பாஸ் என்று
அன்றைக்குத்தான் கேட்டேன்.

மெர்சலின் அக்கா இடியப்பம் அவிப்பவள்.
நாளுக்கு ஆயிரத்து இருநூறு, நாலு கடைக்கு.
இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் என்றால்
ஒரு மணிக்கே வாளியோடு குந்தியிருப்பாள்.
சில நாள் மூன்றுக்கு வரும்.
சில நாள் வந்ததாகச் சொல்வார்கள்.
மா காத்திருக்கும், கடை காத்திராது.
ஆறு மணிக்குப் போகாத இடியப்பம்
ஏழு மணிக்கு யாருக்கும் வேண்டாம்.
ஒரு கடை பாணுக்கு மாறிவிட்டது.

பவுசர் வந்த அன்று
தோட்டத்து நாற்பது வீட்டுக்கும் ஒரு குழாய்.
வெயிலில் ஆட்கள் நிற்கவில்லை, கான்கள் நின்றன;
சிவப்பு, நீலம், பிடியில்லாத பெயின்ட் வாளி.
எது எவருடையதென்று எல்லாருக்கும் தெரியும்.
அருள்ஞானம் தன் சலூனுக்கு
ஒரு கான் கூடக் கேட்டான்.
"குடிக்கவா, தலைமயிர் கழுவவா?"
சிங்களத்தில் கேட்டாள் சுனேத்ரா.
பத்து வருசமாய் இருவருக்கும் ஒரே சுவர்.
அவன் பதில் சொல்லவில்லை.
காலிக் கானைத் தூக்கிக்கொண்டு போனான்.
மறுநாள் கடைக் கண்ணாடியில் எழுதியிருந்தது:
சேவிங் மட்டும்.

எதிரே புது மாடிக்கட்டடம், இருபத்தாறு தட்டு.
மோட்டர் பூட்டி உறிஞ்சுகிற சத்தம்
ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.
அங்கேயும் குனிகிறேன், அழுத்துகிறேன்.
சம்பளம் ஒன்றுதானே.

தண்ணீருக்கு முன்னால்
பைப்புக்குள் காற்று வரும்.
மீட்டர் சில்லைத்
தண்ணீரைவிட வேகமாய்ச் சுழற்றும்.
அன்றைக்குச் சாமத்தில் என்னை வரச்சொல்லி,
தலையைப் பிடித்து அமுக்காத குறையாய்,
"காதை வச்சுக் கேளும்" என்றாள் மெர்சலின் அக்கா.
வைத்தேன்.
இரைந்தது.
வாளிக்குள் ஒரு சொட்டு இல்லை,
முள் மட்டும் ஓடிக்கொண்டேயிருந்தது.
"இதுக்கும் காசா தம்பி?"

வாசிக்க முடியாமைக்கான காரணங்கள்
என் கருவியில் வரிசையாய் உண்டு:
கேட் பூட்டு.
கண்ணாடி மங்கல்.
வளவில் நாய்.
காற்றுக்கு ஒன்றும் இல்லை.
வாசிக்காத வீட்டுக்குப்
பழைய மாதங்களின் சராசரி போடுவார்கள்.
சராசரி, இந்தக் காற்றைவிட மலிவு.

நாய் என்று அழுத்தினேன்.
பக்கத்து வீடு: நாய்.
சுனேத்ரா வீடு: நாய்.
சலூனுக்கும் நாய்.

மாதக் கடைசியில் வீரக்கோன் சேர்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.
"அந்தத் தோட்டத்தில் நாற்பது நாயா?"
"ஓம் சேர்."
"கடிக்குமா?"
"இரவு இரண்டு மணிக்கு
இரையும் சேர். அவ்வளவுதான்."

அவருக்கு வத்தளையில் வீடு.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
பிறகு
பேனையைத் தேடினார்.